பி.எஸ்சி. உயிரியல் படித்துவிட்டு மருத்துவத் துறைக்குள் போக முடியுமா? திருவனந்தபுரத்தை வைத்து ஒரு கணக்கு

திருவனந்தபுரம் பாளையத்தில் இருக்கும் யுனிவர்சிட்டி காலேஜ் 1866-ல் தொடங்கியது. 'மனோன்மணீயம்' சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்த கல்லூரி இதுதான். அப்போது பெயர் மகாராஜா கல்லூரி. அங்கிருந்து பஸ் ஏறினால், டிராஃபிக்கைப் பொறுத்து கால் மணி அல்லது அரை மணி நேரத்தில் மெடிக்கல் காலேஜ் வளாகம் வந்துவிடும். 1951-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி, இதயத்துக்கும் மூளைக்கும் பெயர்போன ஸ்ரீ சித்ரா நிறுவனம், 1981-ல் வந்த மண்டலப் புற்றுநோய் மையம் மூன்றும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1956 வரை ஒரே சமஸ்தானம், ஒரே மாநிலம் என்று இருந்த ஊர்கள். இன்றும் பெரிய வியாதி என்றால் நாகர்கோவில் பக்கத்துக் குடும்பங்கள் முதலில் யோசிப்பது இந்த வளாகத்தைத்தான்.

பாளையத்தில் விலங்கியலோ உயிர்வேதியியலோ படிக்கிற ஒருவர் அந்த வளாகத்துக்குள் வேலை செய்பவராகப் போக வேண்டும் என்றால்? பஸ் இருக்கிறது. படிப்பில் நேர் ரோடு இருக்கிறதா?

சுருக்கமான பதில்: டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட், பிசியோதெரபிஸ்ட் ஆவதற்கு பி.எஸ்சி. உயிரியல் குறுக்குவழி இல்லை. அந்தப் படிப்புகளில் ஒரு வருடத்தைக்கூட இந்தப் பட்டம் மிச்சப்படுத்தித் தராது. ஆனால், பிளஸ் டூ முடித்தவரை எடுக்காமல் பட்டதாரியை மட்டுமே எடுக்கும் சில மருத்துவ வேலைகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி கல்லூரியில் யாரும் முதல் வருடத்தில் சொல்வதில்லை. மூன்றாம் வருடக் கடைசியில் தெரியவரும்போது பல கதவுகளுக்குத் தேதி முடிந்திருக்கும்.

'ப்ரீ-மெட்' என்ற சொல் செய்யும் குழப்பம்

அமெரிக்க சீரியல்களிலும் யூடியூப் வீடியோக்களிலும் 'நான் ப்ரீ-மெட் படிக்கிறேன்' என்று சொல்லும் மாணவர்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மருத்துவம் என்பது ஒரு பட்டத்துக்குப் பிறகு வரும் படிப்பு. நான்கு வருடம் கல்லூரி, பெரும்பாலும் உயிரியல். பிறகு எம்கேட் என்ற தேர்வு. பிறகு நான்கு வருட மருத்துவக் கல்லூரி. நர்சிங்கிலும் வேறு பட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று, ஒன்றரை வருடத்தில் முடியும் வேகப் படிப்புகள் உண்டு. பிரிட்டனிலும் பட்டதாரிகளுக்கென நான்கு வருட மருத்துவப் படிப்பு இருக்கிறது.

இந்தியாவில் ப்ரீ-மெட் என்றால் அது பிளஸ் டூதான். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு நீட், அதற்கு அடிப்படை பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், உயிரியல். கேரளத்தில் பி.எஸ்சி. நர்சிங்கும் பாராமெடிக்கல் பட்டப் படிப்புகளும் எல்.பி.எஸ். சென்டர் வழியாக, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன. பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வசதி டி.பார்ம். முடித்தவருக்குத்தான், விலங்கியல் பட்டதாரிக்கு இல்லை. விலங்கியலில் முதல் வகுப்பு வாங்கியவர் நர்சிங் படிக்க ஆசைப்பட்டால், தன்னைவிட மூன்று வயது சின்னவர்களோடு முதல் வருடத்தில் உட்கார வேண்டும்.

இது நியாயமா என்று கேட்டால், என் பார்வையில் இல்லை. உடலியங்கியலும் நுண்ணுயிரியலும் மூன்று வருடம் படித்தவரிடம் மறுபடியும் செல்லின் பாகங்களில் இருந்து ஆரம்பிக்கச் சொல்வது வீண். ஆனால் இன்றைய விதி அதுதான். திட்டம் போடுபவர் அதை வைத்துத்தான் போட வேண்டும்.

'ஒரு டிகிரி கையில இருக்கட்டும், கூடவே நீட் எழுதலாம்'

கேரளத்தில் ரிப்பீட்டர் பேட்ச் என்பது தனி உலகம். முழு வருடம் கோச்சிங்கில் உட்காருவதற்குப் பதில், பி.எஸ்சி.யில் சேர்ந்துகொண்டே நீட் எழுதுபவர்களும் நிறைய. வீட்டில் இதைப் பாதுகாப்பான வழி என்று நினைப்பார்கள். எண்களைப் பார்ப்போம்.

2025 நீட் தேர்வை சுமார் 22 லட்சம் பேர் எழுதினார்கள். 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் 'தகுதி' பெற்றார்கள். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் 1.2 லட்சம் அளவில். அதாவது தகுதி பெற்ற பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் இடம். அந்த இடங்களிலும் ஏறக்குறைய பாதிதான் அரசுக் கல்லூரிகளில், சாதாரணக் குடும்பம் கட்டக்கூடிய கட்டணத்தில். 'குவாலிஃபை ஆயிட்டேன்' என்ற செய்தியைக் கேட்டு வீட்டில் இனிப்பு வாங்குவதற்கு முன் இந்த விகிதத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது விஷயம். நீட் தேர்வில் 180 கேள்வி, 720 மதிப்பெண். உயிரியல் அதில் சரிபாதி. அப்படியானால் உயிரியல் பட்டப்படிப்பு உதவுமே என்று தோன்றும். பெரிதாக உதவாது. நீட் உயிரியல் 11, 12-ம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் வரிகளுக்குள் சுற்றுவது. கல்லூரியில் நீங்கள் படிக்கும் மூலக்கூறு உயிரியல் அதைவிட ஆழம், ஆனால் அந்த ஆழத்துக்கு அங்கே மார்க் கிடையாது. இன்னொரு பக்கம், இயற்பியல் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கும். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும் தேர்வில், இரண்டு வருடமாக இயற்பியல் கணக்குப் போடாத கை தடுமாறும்.

வயது தடையில்லை. நீட்டுக்கான அதிகபட்ச வயது வரம்பு 2022 மார்ச்சில் நீக்கப்பட்டது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பில்லை. இது நல்ல செய்தி போலத் தெரிகிறது. நடைமுறையில், எப்போது நிறுத்துவது என்று சொல்ல யாரும் இல்லை என்றும் இதற்கு அர்த்தம். முதல் வருடத்தில் ஒரு முறை, இரண்டாம் வருடத்தில் ஒரு முறை, அதற்கு மேல் இல்லை என்று சேரும்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கூடவே ஒரு எச்சரிக்கை. 'பி.எஸ். உயிரியல் பிளஸ் எம்.டி.' என்று பிலிப்பைன்ஸ் படிப்பை விற்கும் ஏஜென்ட்டுகள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உண்டு. அங்கே முறை அமெரிக்கா மாதிரி: முதலில் பி.எஸ்., பிறகு எம்.டி. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 நவம்பர் விதிப்படி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதற்கு மேல் அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி. பி.எஸ். பகுதியை மருத்துவப் படிப்பாக ஆணையம் எண்ணுவதில்லை. அந்த எண்ணிக்கையில் இடறி நின்றவர்கள் பலர். எந்த நாடாக இருந்தாலும், பணம் கட்டும் முன் எம்.டி. மட்டும் எத்தனை மாதம் என்று எழுத்தில் கேளுங்கள். நீட் தகுதி இல்லாமல் வெளிநாட்டில் படித்து வந்தால் இங்கே பதிவு செய்ய முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பட்டதாரிக்காகவே இருக்கும் கதவு

இனி நல்ல செய்தி. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், வழக்கில் 'ஸ்ரீ சித்ரா', 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் ஆனது. இங்கே டாக்டர்களுக்கான உயர் படிப்புகள் மட்டுமல்ல, அறிவியல் பட்டதாரிகளை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கும் டிப்ளமோக்களும் இருக்கின்றன. இதயப் பரிசோதனைக்கூடத் தொழில்நுட்பம், நரம்பியல் தொழில்நுட்பம், மருத்துவப் பதிவேடுகள், பெர்ஃப்யூஷன் என்று பட்டியல் போகும். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடத்தில் பட்டம் வேண்டும் என்பதை ஒவ்வொரு வருட அறிவிப்பும் சொல்லும். சில இயற்பியல் பட்டதாரிகளை மனதில் வைத்தவை.

பெர்ஃப்யூஷனை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். உயிரியல் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆபரேஷன் தியேட்டர் வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

திறந்த இதய அறுவைச் சிகிச்சையில் பல நேரங்களில் இதயத்தை நிறுத்த வேண்டியிருக்கும். பொட்டாசியம் அதிகமுள்ள கரைசலைச் செலுத்தி இதயத் தசையை ஓய வைப்பார்கள். அந்த நேரத்தில் உடலுக்கு ரத்தம் யார் அனுப்புவது? இதய-நுரையீரல் இயந்திரம். இதயத்துக்குத் திரும்பி வரும் அசுத்த ரத்தத்தைக் குழாயில் வெளியே எடுத்து, கரியமில வாயுவை நீக்கி, ஆக்சிஜன் ஏற்றி, சூட்டைச் சரிசெய்து, மகாதமனிக்குள் திருப்பி அனுப்பும். 1953 மே மாதம் அமெரிக்காவில் ஜான் கிப்பன் இதை முதன்முதலில் வெற்றிகரமாக ஒரு நோயாளியிடம் பயன்படுத்தினார்.

அந்த இயந்திரத்தை இயக்குபவர் சர்ஜன் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட். குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போதுமா, ரத்தத்தின் அமிலத்தன்மை சரியா, பொட்டாசியம் ஏறுகிறதா, உடல் வெப்பம் எவ்வளவு இறங்கலாம், சிறுநீர் வருகிறதா என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்ப்பது அவர் வேலை. குழாயில் காற்றுக் குமிழி நுழைந்தால் அது மூளைக்குப் போகலாம். இரண்டாம் வருட விலங்கியலில் மீனுக்கு இரண்டு அறை, தவளைக்கு மூன்று அறை என்று இதயம் வரைந்து மார்க் வாங்கிய அறிவு இங்கே உயிரோடு நிற்கிறது.

இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அதனால் இதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. வேலையும் இதய அறுவைச் சிகிச்சை நடக்கும் மருத்துவமனைகளில் மட்டுமே. ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் போக வேண்டும்.

பூஜப்புரையில் இன்னொரு வழி

இதே ஸ்ரீ சித்ராவுக்கு பூஜப்புரையில், பழைய சாட்டல்மண்ட் அரண்மனையில், ஒரு உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. இந்தியாவின் முதல் உள்நாட்டு செயற்கை இதய வால்வு அங்கே உருவானது. அதற்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் எம்.எஸ். வலியத்தான். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜின் முதல் பேட்ச் மாணவர், 2024 ஜூலையில் காலமானார். முதலில் செய்த மூன்று மாடல்கள் தோற்றன. நான்காவது வென்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையை மையமாகக் கொண்ட டி.டி.கே. குழுமம் அதைத் தயாரிக்க எடுத்துக்கொண்டது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குப் போயிருக்கிறது.

இந்தக் கதையில் எஞ்சினியர்களையும் சர்ஜன்களையும் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஒரு உலோகமோ பிளாஸ்டிக்கோ உடலுக்குள் போக வேண்டும் என்றால், அது ரத்தத்தை உறைய வைக்குமா, செல்களைக் கொல்லுமா, ஆட்டின் உடலில் மாதக்கணக்கில் தாங்குமா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அது உயிரியல் படித்தவர்களின் வேலை. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்கு 'சித்ரா ஜீன்லேம்ப்-என்' என்ற பரிசோதனை முறையை அறிவித்ததும் இதே நிறுவனம்தான்.

இந்தப் பக்கம் போக எம்.எஸ்சி., அதன் பிறகு பெரும்பாலும் பிஎச்.டி. தேவை. தைக்காட்டில் உள்ள ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையம் எம்.எஸ்சி.க்கு கேட்-பி என்ற தேசியத் தேர்வு வழியாக மாணவர்களை எடுக்கிறது. ஆராய்ச்சிக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரியில் இருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஐ.டி.யில் சேர்ந்த பிளஸ் டூ நண்பரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். ஒப்பிடாமல் இருப்பதும் முடியாது.

நிபா சொல்லிக்கொடுத்தது இன்னொன்று. 2018 மே மாதம் கோழிக்கோடு பேராம்பிராவில் நிபா வெடித்தபோது, மாதிரியை கேரளத்துக்கு வெளியே மணிப்பாலுக்கும் புனேவுக்கும் அனுப்பித்தான் உறுதிசெய்ய முடிந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு திருவனந்தபுரத்துக்கு வெளியே தோன்னக்கல்லில் மேம்பட்ட வைராலஜி நிறுவனத்தை அரசு கொண்டுவந்தது. நிபாவின் இயற்கையான இருப்பிடம் பழந்தின்னி வௌவால். வௌவாலைப் பிடித்து, மாதிரி எடுத்து, எந்தப் பருவத்தில் வைரஸ் வெளியேறுகிறது என்று கண்டுபிடிப்பதில் மருத்துவமனை டாக்டரைவிட விலங்கியல்காரருக்கே வேலை அதிகம்.

2021 சட்டத்தை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

'லேப் வேலைதானே, பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி போதும்' என்பது பழைய பேச்சு. 2021 மார்ச்சில் தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறை ஆணையச் சட்டம் வந்தது. இது டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட், பல் மருத்துவர் அல்லாத மருத்துவப் பணிகளைப் பத்துப் பிரிவாகப் பிரித்து, யார் எதைப் படித்திருக்க வேண்டும், எங்கே பதிவு செய்ய வேண்டும் என்று வரையறுக்கும் சட்டம். இணைப் பணியாளர் என்றால் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, சுகாதாரத் தொழில்முறையாளர் என்றால் 3,600 மணி நேரம்.

சுவாரஸ்யம் எங்கே என்றால், முதல் பிரிவின் பெயரே 'மருத்துவ ஆய்வகம் மற்றும் உயிர் அறிவியல்'. அதில் லேப் டெக்னாலஜிஸ்ட்டோடு பயோடெக்னாலஜிஸ்ட், உயிர்வேதியியலாளர், நுண்ணுயிரியலாளர் என்ற பெயர்களும் வருகின்றன. உடனே 'ஆகா, நம்ம பேர் லிஸ்ட்ல இருக்கு' என்று சந்தோஷப்பட வேண்டாம். பணியின் பெயர் இருப்பது வேறு, உங்கள் கல்லூரியின் குறிப்பிட்ட பட்டம் அதற்கான தகுதியாக ஏற்கப்படுவது வேறு. சேரப்போகும் எம்.எஸ்சி.யோ டிப்ளமோவோ மாநில கவுன்சிலில் பதிவுக்கு ஏற்கப்படுமா என்று சேரும் முன் கேட்க வேண்டும்.

கையெழுத்து விவகாரமும் இதில் சேரும். பரிசோதனை அறிக்கையில் பதிவுபெற்ற பேத்தாலஜி டாக்டர் கையெழுத்திட வேண்டும் என்ற நிலையை உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் உறுதிசெய்தது. மிஷினை ஓட்டத் தெரிவதும் ரிப்போர்ட்டுக்குப் பொறுப்பேற்கும் உரிமையும் ஒன்றல்ல. செயற்கைக் கருத்தரிப்பு மையங்களில் எம்பிரியாலஜிஸ்ட் ஆகலாம் என்று விளம்பரங்கள் வருகின்றன. நல்ல வேலைதான். ஆனால் 2021 சட்டமும் அதன் விதிகளும் வந்த பிறகு, மருத்துவக் கருவியலில் முழுநேர முதுநிலைப் பட்டமும் ஆய்வக அனுபவமும் கேட்கப்படுகின்றன. மூன்று மாத சர்டிஃபிகேட்டுக்கு லட்சக்கணக்கில் கட்டும் முன் இதை நினையுங்கள்.

பொது சுகாதாரம், அப்புறம் கோடிங்

ஸ்ரீ சித்ராவின் அச்சுத மேனன் மையம் 1997-ல் எம்.பி.ஹெச். எனப்படும் பொது சுகாதார முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. இந்தியாவில் இந்தப் படிப்பைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒன்று. டாக்டர் அல்லாதவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் எம்.பி.ஹெச். தரும் பல இடங்களில் மூன்று வருடப் பட்டம் மட்டும் போதாது. நான்கு வருடப் பட்டமோ ஒரு முதுநிலைப் பட்டமோ கேட்பார்கள்.

கேரளத்தில் 2024 ஜூலை முதல் நான்கு வருட இளநிலைப் பட்டம் வந்திருப்பது இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. மூன்று வருடத்தில் வெளியேறலாம், நான்காவது வருடம் படித்தால் ஆனர்ஸ். எம்.பி.ஹெச். அல்லது ஆராய்ச்சி மனதில் இருந்தால் நான்காவது வருடத்துக்கு மதிப்பு உண்டு. பெர்ஃப்யூஷன் மாதிரி டிப்ளமோ மனதில் இருந்தால் அந்த வருடம் அனாவசியம்.

மெடிக்கல் கோடிங்கைச் சொல்லாமல் விட முடியாது. சென்னை, கோவை, திருச்சி, திருவனந்தபுரம் டெக்னோபார்க் என்று உயிரியல் பட்டதாரிகளை அதிகமாக எடுத்துக்கொள்ளும் வேலை இது. அமெரிக்க மருத்துவமனையின் குறிப்பைப் படித்து, இன்சூரன்ஸுக்காக ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடுவது. அங்கே 2015 அக்டோபர் முதல் பயன்பாட்டில் இருக்கும் நோய்க் குறியீட்டுப் பட்டியலில் 70,000-க்கு அருகிலான குறியீடுகள் இருக்கின்றன. முதல் சம்பளம் சீக்கிரம் வரும், வீட்டுக் கடன் இருப்பவருக்கு அது பெரிய விஷயம். இழிவாகப் பேச ஒன்றுமில்லை. ஆனால் இதை நோயாளியைப் பார்க்கும் வேலைக்கான படிக்கட்டு என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். இது வேறு கட்டடம். மென்பொருள் தானாகவே குறியீடு போடக் கற்றுக்கொண்டிருக்கும் கட்டடமும்கூட.

வருடக் கணக்கு

18 வயதில் பிளஸ் டூ முடிப்பவர் என்று வைத்து ஒரு ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். மூன்று வருட பி.எஸ்சி., பிறகு இரண்டு வருட டிப்ளமோ: 23 வயதில் மருத்துவமனைக்குள். நான்கு வருட ஆனர்ஸ், பிறகு எம்.பி.ஹெச்.: 24. பி.எஸ்சி., எம்.எஸ்சி., ஐந்து வருட பிஎச்.டி.: 28. பி.எஸ்சி. முடித்த பிறகு நீட்டில் இடம் கிடைத்து எம்.பி.பி.எஸ்., பயிற்சியோடு ஐந்தரை வருடம்: 26-ஐத் தாண்டும், ஸ்பெஷலிஸ்ட் ஆக 30. இடையில் ஒவ்வொரு நீட் முயற்சிக்கும் ஒரு வருடம் கூட்டிக்கொள்ளுங்கள். பி.எஸ்சி. முடித்து பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தால் 25. வெளிநாட்டு வேலை மனதில் இருந்தால் அந்தக் கடைசிக் கணக்கு, மூன்று வருட 'நஷ்டத்தோடும்' சேர்த்து, பலருக்கு மோசமில்லை.

மாநில ஒதுக்கீட்டையும் இந்த ஷீட்டிலேயே ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, 85 சதவீதம் மாநிலத்துக்கு. நாகர்கோவிலில் வீடு, திருவனந்தபுரத்தில் கல்லூரி என்று இருப்பவர் எந்த மாநிலப் பட்டியலில் வருவார் என்பதை கல்லூரி இருக்கும் ஊர் தீர்மானிக்காது. பூர்வீகமும் பள்ளிப் படிப்பும்தான் பேசும். தமிழ்நாட்டில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேண்டுமென்றால் ஆறாம் வகுப்பில் இருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

கடைசியாகத் தேதி விவகாரம். ஸ்ரீ சித்ராவில் கல்வியாண்டு ஜூனில் தொடங்குவதில்லை, ஜனவரியில் தொடங்குகிறது. அறிவிப்பு அதற்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிடும். கோடையில் ரிசல்ட் வந்ததும் அவசரப்பட்டு ஏதோ ஒரு எம்.எஸ்சி.யில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு, அக்டோபரில் நண்பர் அனுப்பிய லிங்க்கைப் பார்த்து விழிப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். இறுதியாண்டு தொடங்கும்போதே அவர்களின் இணையதளத்தைத் திறந்து போன வருட அறிவிப்பைப் படித்துவிடுங்கள். என்ன பாடம், எத்தனை சதவீதம், வயது வரம்பு எவ்வளவு என்பது அதில் இருக்கும்.